முதல் ஐந்து நிமிடம்

கடைப் போன் அடித்தபோது நேரம் பின்னேரம் நாலு மணி ஐந்து நிமிடம். அடிக்கட்டும் என்று விட்டுவிடத்தான் ஞானேஸ்வரன் பார்த்தார். இரண்டாயிரத்து ஒன்பது மார்ச் மாதம் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, அமெரிக்கக் கல்லூரிகளின் பெரிய கூடைப்பந்துப் போட்டி தொடங்குகிற நாள். முதல் ஆட்டத்துக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. லண்டன் இல்ஃபோர்டில், ஊருக்குக் கதைக்கிற போன்காட்டும் மரக்கறியும் விற்கிற தன் கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளி, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பழைய டிவியும் வைத்து, மேல்மாடியில் குடியிருக்கிற முருகேசனை அவற்றுக்கு முன்னால் இருத்திவிட்டுத்தான் வந்திருந்தார். மனைவி கலாவதி வேலை முடிந்து வர ஆறு மணியாகும். கடைக் கதவைப் பூட்டி, கொஞ்ச நேரத்தில் வருவோம் என்ற அட்டையையும் தொங்கவிட்டாயிற்று. போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. இப்படி விட்டு விட்டு அடிக்கிற போன் ஊர்ப் போன்தான். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"ஹலோ, லண்டனோ? நான் சவிரிமுத்து கதைக்கிறன். இஞ்ச திருகோணமலைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில காயக்காரருக்குத் துணையா நிக்கிறனான். முருகேசன் எண்டு ஒருத்தர் அங்க இருக்கிறாரோ?"

"ஓம், இருக்கிறார். என்ன விசயம்?"

"அவரின்ர அக்கா வசந்தமலரை வன்னியில இருந்து செஞ்சிலுவைக் கப்பல்ல கொண்டு வந்தவை. வயித்தில காயம். இப்ப நினைவோட இருக்கிறா, நல்லாக் கதைக்கிறா. தம்பியோட ஒருக்காக் கதைக்கவேணும், தம்பியோட ஒருக்காக் கதைக்கவேணும் எண்டு விடாமக் கேக்கிறா. உங்கட கடை நம்பரைத்தான் வன்னிக்குள்ள இருக்கேக்கையே பாடமாக்கி வைச்சிருந்தவவாம். இது ஒரு நேர்ஸ் பிள்ளையின்ர போன், எடுக்கக் காசில்லை, உடன வைக்கப்போறன். பத்தரைக்கு வாசல்ல காவல் மாறும், பிறகு போனோட உள்ள நிக்க ஏலாது. அதுக்குள்ள இந்த நம்பருக்கு எடுக்கச் சொல்லுங்கோ."

ஞானேஸ்வரன் வாழைக்காய்ப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு அட்டையைக் கிழித்து நம்பரை எழுதினார். அங்கே பத்தரை என்றால் இங்கே ஐந்து மணி. ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது.

"அண்ணை, விடியுமட்டும் தாங்குவாவோ தெரியாது. டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை, எண்டாலும் எனக்குப் பாக்க விளங்குது. கெதியா எடுக்கச் சொல்லுங்கோ," என்றுவிட்டு சவிரிமுத்து வைத்துவிட்டார்.

முருகேசன் பத்தடி தூரத்தில், ஒரு கதவுக்கு அப்பால் இருந்தான். "முருகேசு, இஞ்ச ஓடி வா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு அட்டைத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஞானேஸ்வரன் பொல்லாத மனிதர் என்று இல்ஃபோர்டில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். யாருக்கு வீடு மாற வேண்டுமென்றாலும் அவருடைய வேன்தான் போகும். ஜனவரியில் வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி லண்டன் தெருக்களில் சனம் ஊர்வலம் போனபோது நூறு போத்தல் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஆனால் அவருக்கு ஒரு வியாதி இருந்தது. இணையத்தில் ஒரு சந்தை. வெங்காயத்துக்கு விலை ஏறி இறங்குகிற மாதிரி அங்கே கேள்விகளுக்கு விலை ஏறி இறங்கும். முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு அணியும் சேர்ந்து பதினேழு புள்ளியைத் தாண்டுமா? இது ஒரு கேள்வி. தாண்டினால் அதன் மதிப்பு நூறு, தாண்டாவிட்டால் சைபர். தாண்டும் என்று நினைக்கிறவன் ஐம்பத்தைந்துக்கு வாங்குவான், தாண்டாது என்று நினைக்கிறவன் அவன் தலையில் விற்பான். முழு ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டு காவல் இருக்கத் தேவையில்லை. ஐந்து நிமிடம் ஓடி முடிந்ததும் பதில் வந்துவிடும், அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம். அந்த வேகம்தான் மனிதரைப் பிடித்துக்கொண்டது. கூடைப்பந்தில் கையால்தான் பந்தைத் தட்டுவார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாமல் அந்த மாரிகாலம் முழுக்க இருந்து இருந்து தோற்றார்.

அப்படி இருக்கும்போதுதான் மாசி மாதத்தில் ஒருநாள், மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த முருகேசன் வெங்காயம் எடுக்கப் பின்னறைக்கு வந்தான். ஜெர்மனியில் பன்னிரண்டு வருசம் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்டேசனில் நிற்கிறவன். நாற்பத்துநாலு வயது. கலியாணம் இல்லை. டிவியில் பெடியங்கள் ஆட்டத்துக்கு முன்னால் பந்தெறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "இவங்கள் அடிக்கமாட்டாங்கள் அண்ணை. கால் செத்துப்போய் நிக்குது, பந்து வளையத்துக்கு முன்னாலயே விழுகுது," என்றான். அவர் சிரித்தார். முதல் நாலு நிமிடத்துக்கு ஒரு புள்ளி கூட விழவில்லை. சிரிப்பு நின்றது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் விளையாடியவன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா இல்லாத வீடு. அவன் விளையாடி முடியும் வரைக்கும் அக்கா வசந்தமலர் வேலிக்கு வெளியே அவனுடைய புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாவாம். "அவவுக்கு ஒரு சட்டமும் தெரியாது, ஆனா பந்து என்ர கையை விட்ட உடனே விழுமோ விழாதோ எண்டு சரியாச் சொல்லுவா," என்றான். அந்த அக்காதான் வன்னிக்குள் அகப்பட்டுக் கிடந்தா. வெளியே எடுக்கலாம், ஆட்கள் இருக்கிறார்கள், காசு வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெல்லுகிற காசில் நாலில் ஒரு பங்கு அவனுக்கு என்று பேசிக்கொண்டார்கள். ஞானேஸ்வரன் ஒரு விதியும் வைத்தார். ஆட்டம் தொடங்கினால் இருவருடைய கைப்பேசியும் நிறுத்தி தராசுத் தட்டில் கிடக்கவேண்டும். முருகேசன் மறுபேச்சில்லாமல் கேட்டான். இப்போதும் அவனுடைய போன் அங்கேதான் கிடந்தது.

இன்றைக்கு மட்டும் பதினாறு ஆட்டம். மகள் கௌசியின் படிப்புக்கென்று கிடந்ததையும் எடுத்துப் போட்டிருந்தார், கலாவதிக்குச் சொல்லவில்லை. முருகேசனை இப்போது கூப்பிட்டால் அவன் எழும்பிவிடுவான். கதைத்துவிட்டு வந்து மறுபடி இருந்து பெடியங்களின் காலைப் பார்க்கிற நிலையிலா இருப்பான்? ஐந்து நிமிடம்தானே. முதல் ஆட்டத்தின் ஐந்து நிமிடம் முடியட்டும், உடனே சொல்லலாம். அதற்குப் பிறகும் அரை மணித்தியாலம் இருக்கும். இப்படி நினைத்தபோது அவருக்கு அது மிகவும் நியாயமாகவே பட்டது.

பின்னறைக்குப் போனார். "ஆர் அண்ணை போன்ல?" என்றான் முருகேசன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போன்காட் வேலை செய்யேல்லையாம் எண்டு ஒரு மனிசி."

நாலு இருபதுக்கு ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் சட்டைக்காரர் பெரிய மைதானத்தைக் கண்டு பயந்துபோய் நிற்கிறார்கள், வில்லுங்கோ என்று முருகேசன் முன்னமே சொல்லியிருந்தான். ஐம்பத்தாறுக்கு விற்றார்கள். முதல் எறி முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. விலை நாற்பது, முப்பது, பதினெட்டு என்று சரிந்தது. மணிக்கூடு நின்று நின்று ஓடுகிற விளையாட்டு அது. அவர்களுடைய ஐந்து நிமிடம் ஓடி முடிய நம்முடைய சுவர்மணிக்கூட்டில் பதினொரு நிமிடம் போய்விட்டது. மொத்தம் பதினொரு புள்ளி. விலை சைபருக்கு வந்தது. முருகேசன் வேட்டி மடிப்பதுபோலத் தன் சாரத்தை ஒருமுறை உதறிக் கட்டிக்கொண்டு மற்றத் திரையின் பக்கம் திரும்பினான். அங்கே இரண்டாவது ஆட்டம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது, இவர்கள் இருவரும் அதிலும் ஏற்கெனவே விற்றிருந்தார்கள்.

பாதியில் எப்படி எழுப்புவது? இது முடியட்டும். சட்டைப் பையில் அட்டை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் பதினாறு புள்ளி வரை ஏறி, கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் இரண்டுமுறை துள்ளி வெளியே விழுந்தபோது, ஞானேஸ்வரன் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். முருகேசன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. "அக்கா எண்டால் கையை விட்ட உடனயே சொல்லியிருப்பா அண்ணை, விழாது எண்டு," என்றான். நேரம் நாலு நாற்பத்திரண்டு. மூன்றாவது தொடங்கிவிட்டது.

நாலு ஐம்பத்துமூன்றுக்கு மூன்றாவதும் முடிந்தது. இனித் தாமதிக்கக்கூடாது என்று ஞானேஸ்வரன் உண்மையாகவே எழும்பினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "முருகேசு," என்றார்.

முருகேசன் ஒரு கையை உயர்த்தினான். "பொறுங்கோ அண்ணை, பொறுங்கோ. இந்த ஒண்டு. நீலக்காரன்ர காலைப் பாருங்கோ, இப்பிடி ஒரு ஆட்டம் திருப்பி வராது. இதுவும் சரிவந்தால் அக்காவை வெளியில எடுக்கிற அலுவலைத் தொடங்கலாம்."

அவனே பொறுக்கச் சொல்லிவிட்டான். ஞானேஸ்வரனுக்கு உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது, வெட்கங்கெட்ட நிம்மதி. நான் சொல்லப்போனேன், அவன்தான் கேட்கவில்லை என்று நாளைக்கு எந்தக் கோயில் வாசலிலும் நின்று சொல்லலாம். அப்படியே கதிரையில் இருந்தார். நீலக்காரர் முருகேசன் சொன்னபடியே தடுமாறினார்கள். சுவர்மணிக்கூடு ஐந்தைத் தாண்டியபோது அவர் அதைப் பார்க்காமல் இருக்க டிவிக்கு இன்னும் கிட்டப் போய் இருந்தார்.

ஐந்து ஏழுக்குக் கடைக்குள் வந்து நம்பரை அழுத்தினார். போன் நிறுத்தப்பட்டிருந்தது. சிங்களத்தில் ஒரு பெண் ஏதோ சொன்னா, பிறகு அதையே தமிழில் சொன்னா, பிறகு ஆங்கிலத்தில் சொன்னா. நாலு தரம் எடுத்துப் பார்த்தார், நாலு தரமும் மூன்று மொழியிலும் கேட்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கேத்திலைப் போட்டு, முருகேசனுக்குச் சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனார்.

"என்னவோ சொல்ல வந்தனீங்களே அண்ணை?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்க வந்தனான்."

முருகேசன் ஒரு மிடறு குடித்தான். "சீனி நல்லாக் கிடக்கு," என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சவிரிமுத்து மறுபடி எடுத்தார். குரல் வேறாக இருந்தது. "மோசம் போயிட்டா அண்ணை. எங்கட நேரம் ராத்திரி ரெண்டு மணி. தம்பி எடுத்தவனோ, தம்பி எடுத்தவனோ எண்டு பத்தரை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தவ. என்னைக் காவல்காரர் வெளியில போகச் சொல்லேக்கையும் கேட்டவ. இண்டைக்கே இஞ்ச அடக்கம் செய்யினமாம். ஏன் அண்ணை அவர் எடுக்கேல்லை?"

"அவர் வேலையில நிண்டிட்டார். ஆளைப் பிடிக்க ஏலாமப் போச்சு," என்றார் ஞானேஸ்வரன். போனை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது சுவரில் தொங்கிய நாட்காட்டி கண்ணில் பட்டது. வெள்ளி, நவமி. நல்ல காரியம் ஒன்றும் தொடங்காத நாள்.

கலாவதிக்கு அன்று லீவு. அவவுக்கு மட்டும் சொன்னார். அதிலும் பாதிதான் சொன்னார், இன்றைய போனை மட்டும். கலாவதி தலையில் கைவைத்துக்கொண்டு அரிசி மூட்டையில் இருந்துவிட்டா. "ஐயோ, அந்தாளுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்று அழுதா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, இப்ப சொல்லாதேங்கோ. வெள்ளிக்கிழமை விரதம், வெறும் வயித்தோட நிக்கிறார். ஒரு வாய் சாப்பிடட்டும். பிறகு எத்தினை நாளைக்குச் சாப்பிடாமக் கிடக்கப்போறாரோ," என்றா.

இது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம்தான். செத்தவீட்டுச் செய்தியை நேரே கொண்டுபோய் முகத்தில் எறியமாட்டோம். சாப்பிடட்டும் என்போம். சோதனை எழுதட்டும், கலியாணம் முடியட்டும் என்போம். கலாவதிக்கே அவவுடைய தகப்பன் செத்ததை இரண்டு நாள் கழித்து, பிள்ளைப்பேறு முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அன்புக்காகத்தான் செய்கிறது. ஞானேஸ்வரனுக்கும் அது தெரியும், அந்த அன்பைத் தூக்கித் தன்மேல் போர்த்துக்கொள்ளவும் தெரிந்தது. வெள்ளி பதினாறு ஆட்டம், சனி எட்டு, ஞாயிறு எட்டு. சாப்பிடட்டும் என்று கலாவதி சொன்ன அந்த ஒரு வாய்ச் சோற்றை அவர் மூன்று நாளைக்கு இழுத்தார்.

வெள்ளிக்கிழமைகளில் முருகேசன் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போவான். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக ஞானேஸ்வரன் வேனில் கூட்டிக்கொண்டு போனார். போட்டி தொடங்க முன்னர் திரும்பவேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, அவனை யாரோடும் தனியாகக் கதைக்க விட அவருக்குப் பயம். வழி முழுக்க முருகேசன்தான் கதைத்தான். நேற்றைய பங்கை அக்காவுக்கென்று தனியாக வைக்கச் சொன்னான். அக்கா வெளியே வந்தால் முதலில் வவுனியாவில் ஒரு அறை எடுக்கவேண்டும், அவவுக்குச் சத்தம் பிடிக்காது, ரோட்டுப் பக்கம் வேண்டாம் என்றான். கோயிலடியில் வேனை நிறுத்த இடமில்லை என்று சொல்லி ஞானேஸ்வரன் இறங்கவில்லை. இடம் இருந்தது. சாவு தெரிந்தவன் படியேறப் பயந்தான், அவ்வளவுதான். சாவு தெரியாதவன், துடக்கோடு, தீட்டுப் பட்ட உடம்போடு, முழுகிப்போட்டு வந்த ஈரத்தலையோடு உள்ளே போனான். வசந்தமலர், ரேவதி நட்சத்திரம் என்று சொல்லி, செத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலான ஒரு மனிசிக்கு நீண்ட ஆயுள் கேட்டு அர்ச்சனை செய்வித்துக்கொண்டு வந்தான். வேன் கதவைத் திறந்து, "அண்ணை, உங்கட பேருக்கும் செய்தனான்," என்று சொல்லி அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டான். கண்ணுக்குள் விழாமல் மற்றக் கையால் மறைத்துக்கொண்டு பூசினான். ஞானேஸ்வரன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. கலாவதிக்குச் சமைக்கவே மனமில்லை, எல்லாம் வழமைபோல இருக்கவேண்டும் என்று ஞானேஸ்வரன்தான் வாங்கிக்கொண்டு வந்தார். முருகேசன் எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டான், இரண்டாந்தரம் சோறு கேட்டான். கலாவதி அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, கரண்டியைக் கறிச்சட்டிக்குள் விட்டபடி அடுப்படிக்குப் போய்விட்டா. அங்கே தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்ட சத்தம் கனநேரம் கேட்டது. "இண்டைக்காவது சொல்லுங்கோ," என்று பிறகு கேட்டா. "நாளைக்கு," என்றார். அவ அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

ஞாயிறு பின்னேரம் வரையும் முருகேசன் நன்றாகத்தான் பார்த்தான். வென்றார்களா என்று கேட்டால், வென்றார்கள். கௌசியின் படிப்புக் காசு திரும்பி வந்து, மாரிகாலத்தில் விட்டதும் வந்து, மேலேயும் கொஞ்சம் வந்தது. கடைசி ஆட்டத்தின் ஐந்து நிமிடம் முடிந்ததும் ஞானேஸ்வரன் டிவியை நிறுத்தினார். கலாவதி வாசலில் வந்து நின்றா. சொன்னார்.

முருகேசன் அழவில்லை. வெங்காய மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு, "எப்ப?" என்று மட்டும் கேட்டான்.

இந்தக் கேள்விக்கு உண்மையான விடை சொல்ல அவருக்கு ஒரு விநாடி இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால், வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குள் போனேனே என்பான். நேற்று இறைச்சி தந்தீர்களே என்பான். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்பான், பிறகு நேரத்தை ஒவ்வொன்றாகப் பின்னால் எண்ணிக்கொண்டு போய் வியாழக்கிழமை நாலு ஐந்தில் வந்து நிற்பான்.

"இண்டைக்கு விடியப்புறம். அங்கத்தை நேரம் நாலு மணியாம். இப்பதான் ஒருத்தர் எடுத்துச் சொன்னவர்."

கலாவதி தலையைத் தூக்கிப் புருசனைப் பார்த்தா. பிறகு நிலத்தைப் பார்த்தா. அவ வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"அப்ப நேற்று நான் இறைச்சி சாப்பிடேக்கை..." என்றான் முருகேசன்.

"நேற்று அவ உயிரோடதான் இருந்தவ. நீ ஒண்டையும் யோசிக்காதை."

முருகேசன் தலையை ஆட்டினான். பிறகு, தனக்குத்தானே சொல்லுவதுபோல, "வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்தபடியாத்தான் ரெண்டு நாள் தாங்கியிருக்கிறா," என்றான்.

ஆர் போன் எடுத்தது, நம்பர் என்ன என்று கேட்டான். நம்பர் விழவில்லை, பேரும் சொல்லவில்லை என்றார் ஞானேஸ்வரன். வாழைக்காய்ப் பெட்டி அட்டையைச் சனிக்கிழமையே கிழித்துக் குப்பையில் போட்டாயிற்று. சவிரிமுத்து இனியும் எடுக்கக்கூடும் என்ற பயத்தில் அன்றிரவே கடைப் போனின் வயரைப் பிடுங்கிவிட்டார். போன் பழுது என்று எல்லோருக்கும் சொன்னார். போன்காட் விற்கிற கடையில் போன் பழுது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மறுபடி லூயிஷாமுக்குப் போனார்கள். அந்தியேட்டிக் கிரியை எப்படிச் செய்வது, உடம்பு இல்லாமல் செய்யலாமா, திதி எது என்று ஐயரிடம் கேட்கவேண்டும் என்றான் முருகேசன். வேறு ஆரோடாவது போ என்று சொல்ல ஞானேஸ்வரனுக்கு வழி இருக்கவில்லை. துடக்கோடு உள்ளே போகக்கூடாது என்று முருகேசன் கோயிலின் பக்கக் கதவுக்கு வெளியே, நடைபாதையிலேயே நின்றுகொண்டான். மூன்று நாளாக முகம் வழிக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஐயர் வருமட்டும் அவன் ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."

"கேள்."

"போன் எடுத்தவர் வேற ஏதும் சொன்னவரே? அக்கா என்னைக் கேட்டவவாமோ?"

தம்பி எடுத்தவனோ, தம்பி எடுத்தவனோ. அதைக் கொடுத்துவிட்டால் அவன் அதை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளைக் கழித்துவிடுவான் என்று ஞானேஸ்வரனுக்குத் தெரிந்தது. அதைக் கொடுத்தால் அவன் அடுத்ததாக என்ன கேட்பான் என்பதும் தெரிந்தது.

"இல்லை முருகேசு. நினைவே இல்லையாம். நித்திரையிலயே போனவவாம்."

"ஒருத்தரையும் தேடேல்லையோ?"

"இல்லையாம்."

முருகேசன் முகத்தில் விழுந்த தூறலைக் கையால் துடைத்தான். "நல்லது," என்றான் கடைசியில். "தேடிக்கொண்டு போகேல்லை, அது நல்லது." சொல்லிவிட்டு மறுபடி பஸ்களைப் பார்த்தான்.

ஐயர் வேட்டிக்கு மேலே ஒரு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, கையில் பஞ்சாங்கத்தோடு வந்து கதவு நிலையில் நின்றார். இறந்த இடத்து நேரத்தைத்தான் பார்க்கவேண்டும் என்றார். "நாள், நேரம் சரியாத் தெரியுமோ?"

முருகேசன் திரும்பி ஞானேஸ்வரனைப் பார்த்தான். "அண்ணைக்குத்தான் தெரியும்."

"ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம், நாலு மணி," என்றார் ஞானேஸ்வரன். நாக்குத் தடுமாறவில்லை. இரண்டாந்தரம் சொல்லும்போது பொய் நன்றாகவே ஓடியது.

ஐயர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தைப் புரட்டி, விரலால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போய் நின்றார். அவருடைய முகம் மாறியது. "ஏகாதசி," என்றார். "அட, ஏகாதசியில எல்லோ போயிருக்கிறா. எல்லாருக்கும் கிடையாது தம்பி. அதுக்குக் குடுத்து வைச்சிருக்கவேணும். புண்ணியவதி."

"ஏகாதசியோ ஐயா?"

"ஓம். வடிவாப் பாத்துத்தான் சொல்லுறன்."

முருகேசன் அப்போதுதான் அழுதான். மூன்று நாளாக எங்கே வைத்திருந்தானோ, நடைபாதையில் குந்தி இருந்து, பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். எழும்பியபோது முகம் தெளிந்திருந்தது. முன்பல் இல்லாத வாயால் சிரிக்கக்கூடப் பார்த்தான். "அண்ணை, கேட்டனீங்களே. ஏகாதசியாம். அவ்வளவு கஷ்டத்துக்குள்ளயும் கடவுள் நல்ல நாளாப் பாத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்," என்று ஞானேஸ்வரனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். ஞானேஸ்வரனால் கையை இழுக்க முடியவில்லை. நவமி என்று சொல்ல வாயெடுத்தார். இனி அதை ஆருக்குச் சொல்லி என்ன, இந்த ஏகாதசியையும் அவனிடமிருந்து பறிப்பதா என்று தனக்கே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியும் அவருக்கு மிகவும் நியாயமாகவே பட்டது.

"வருசா வருசம் இந்தத் திதியிலதான் செய்யவேணும். எழுதி வைச்சுக்கொள்ளும்," என்றார் ஐயர். "பிழைச்சால் அவவுக்குப் போய்ச் சேராது."

ஐயர் கொடுத்த ஒரு துண்டுக் கடதாசியை வைத்து எழுத அங்கே இடமில்லை. சுவர் மழையில் நனைந்திருந்தது. "அண்ணை, ஒருக்காக் குனியுங்கோ," என்றான் முருகேசன். ஞானேஸ்வரன் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். கடதாசி முதுகில் விரிந்தது, முருகேசனின் இடக்கை அதைப் பிடித்து அழுத்தியது. ஐயர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சர்வதாரி வருடம். பங்குனி மாதம். அபரபக்கம். பேனை சட்டைக்கு மேலால் ஒவ்வொரு எழுத்தாக இறங்கிக்கொண்டு வந்தது. மை சரியாகப் பிடிக்கவில்லை போலும், முருகேசன் எழுதினதன் மேலேயே மறுபடி எழுதினான். ஞானேஸ்வரனின் கண்ணுக்கு முன்னால் நனைந்த நடைபாதையும் அவருடைய சப்பாத்தும் மட்டும் தெரிந்தன.

"கொஞ்சம் அசையாம நில்லுங்கோ அண்ணை," என்றான் முருகேசன். "முடிஞ்சுது. கடைசிச் சொல்லுத்தான்."